வீட்டு மின்வழங்கலும் மாற்று மோட்டரும்

மனிதனும் மாடும் தம் உடல் வலியாற் செய்துவந்த கருமங்கள் பலவற்றை இன்று மின்மோட்டர் செய்து முடிக்கின்றது. யாழ்ப்பாணத்து வளவுகளில் துலா மிதித்து நீரிறைத்த காலம் பெரும்பாலும் கழிந்தது. கிணற்றடியில் இன்று பம்பி நிற்கின்றது. அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்த வேலையை அரைக்கும் பொறிகள் ஏற்றுக்கொண்டன. தையற்பொறியின் மிதிகட்டையும் ஓய்வு பெற்று வருகின்றது. இப்பொறிகள் யாவற்றினுள்ளும் இருந்து இயக்குவது மோட்டரே. ஆதலின் மோட்டர் பழுதுறும்போது வீட்டின் அன்றாடக் கருமங்களும் உடன் நின்றுவிடுகின்றன.

அவ்வேளையில் வேறொரு மோட்டரைத் தேடிப் பொருத்துதல் இயல்பு. பழைய பொறியொன்றிற் கழற்றியது, வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பியது, பட்டறையொன்றில் மலிவாய்க் கிடைத்தது எனப் பலவகை மோட்டர்கள் கைக்கு வருகின்றன. அச்சின் தடிப்பும் ஆணித்துளைகளின் இடைவெளியும் சரியாயின் மோட்டர் பொருந்திவிட்டது என்றே பலர் கருதுகின்றனர். ஆளியை இட்டதும் அது சுழன்றுவிட்டால் ஐயம் முற்றாக நீங்கிவிடுகின்றது. ஆயினும் சுழலுதல் வேறு, பொருந்துதல் வேறு. நன்கு சுழன்ற மோட்டரே சிறிது நேரத்திற் கருகிப்போதலும் உண்டு. இவ்வேறுபாட்டை விளங்குதற்கு, மோட்டர் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை எங்ஙனம் பெறுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

மோட்டரினுள் நிகழ்வது

மின்னடுப்பு ஒரு தடை மாத்திரமே. அதற்கு அளிக்கப்படும் மின்னழுத்தத்தை அதன் தடையால் வகுக்க மின்னோட்டம் கிடைக்கும். மோட்டரின் இயல்பு அத்தகையதன்று. அதன் சுருள்கள் செம்புக் கம்பியால் ஆனவை. அவற்றின் தடை மிகச் சிறிது. தடை ஒன்றே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதாயின், எந்த மோட்டரும் ஆளியிட்ட சில நிமிடங்களில் எரிந்துபோதல் வேண்டும். அங்ஙனம் எரியாது காப்பது அதன் சுழற்சியே.

காந்தப்புலத்தில் அசையும் கடத்தியில் மின்னியக்க விசை தூண்டப்படும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். அவ்விசை தன்னைத் தோற்றுவித்த காரணத்தை எதிர்த்தே தொழிற்படும் என்பதை 1834ஆம் ஆண்டு லென்ஸ் என்பார் வகுத்துரைத்தார். மோட்டரின் சுருள் காந்தப்புலத்திற் சுழலுகின்றது. ஆகவே அதனிடத்தும் ஒரு மின்னியக்க விசை தோன்றி, வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை எதிர்க்கின்றது. இதுவே எதிர் மின்னியக்க விசை எனப்படும்.

ஓர் எளிய கணக்கால் இதனைத் தெளியலாம். 200 வோல்ற்றில் இயங்கும் நேரோட்ட மோட்டர் ஒன்றின் சுருட்டடை 2 ஓம் எனக் கொள்க. அது அசையாது நிற்கும்போது எதிர்விசை இல்லை. ஆதலின் 100 அம்பியர் ஓட்டம் பாயும். முழு வேகத்திற் சுழலும்போது எதிர்விசை 190 வோல்ற்று ஆயின், எஞ்சும் 10 வோல்ற்று 5 அம்பியரை மாத்திரமே செலுத்தும். சுருளிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமானது. எனவே சுழலும்போது 50 வாற்றாக இருக்கும் வெப்பம், தடைப்பட்டு நிற்கும்போது 20,000 வாற்றாகப் பெருகும். சுமை கூடினால் மோட்டர் சிறிது வேகந் தளர்கின்றது, எதிர்விசை குறைகின்றது, வேண்டிய அளவு ஓட்டம் மிகுதியாக வருகின்றது. சுமை குறைந்தால் இதன் மறுதலை நிகழ்கின்றது. இவ்வாறு மோட்டர் தன் உணவைத் தானே அளந்து உண்கின்றது.

ஆடலோட்டத்தில் இயங்கும் வீட்டு மோட்டர்களிலும் இத்தத்துவம் வேறு வடிவிற் காணப்படும். அவற்றுட் பெரும்பாலானவை தூண்டன் மோட்டர்கள். அவற்றின் நிலையான சுருள்களில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்பாயமே எதிர்விசையைத் தோற்றுவிக்கின்றது. அவ்விசை பாயத்தின் அளவிலும், அது செக்கனுக்கு எத்தனை முறை மாறுகின்றது என்பதிலும் தங்கியுள்ளது. செக்கனுக்கு நிகழும் மாற்றங்களின் தொகையே மீடிறன் எனப்படும். ஆகவே ஒரு மோட்டர் எந்த அழுத்தத்திற்கும் எந்த மீடிறனுக்கும் எனச் சுற்றப்பட்டதோ, அவ்விரண்டும் சேர்ந்தே அதன் சமநிலையைக் காக்கின்றன. அழுத்தத்தை மாத்திரம் ஒப்புநோக்குவோர் பாதியையே ஒப்புநோக்குகின்றனர்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் வழங்கல்

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் ஆடலோட்டமாகும். அழுத்தம் இதனினும் நூற்றுக்கு 6 பங்கு கூடவோ குறையவோ செய்யலாம் என்பது விதி. அஃதாவது ஏறக்குறைய 216 வோல்ற்று முதல் 244 வோல்ற்று வரை. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு வழங்கல் 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ் ஆகும். பெருஞ் சாதனங்களுக்கு 240 வோல்ற்றும் உண்டு. யப்பானில் அழுத்தம் 100 வோல்ற்று. ஆயின் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மீடிறன் 50, மேற்குப் பகுதியில் 60. தோக்கியோவுக்கு 1895ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்தும், ஒசாக்காவுக்கு 1896ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகள் தருவிக்கப்பட்டமையே இதற்குக் காரணம். முதலிற் கொண்டதை மாற்றுதல் எளிதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

அமெரிக்காவில் எடிசன் 1882ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே விளக்குகளுக்காக ஏறத்தாழ 110 வோல்ற்றில் மின் வழங்கத் தொடங்கினார். அதனையொட்டியே அந்நாட்டு வழக்கு அமைந்தது. ஐரோப்பிய நாடுகள் பின்னர் அதனை இரட்டித்துக் கொண்டன. ஒரே வலுவை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பும்போது ஓட்டம் பாதியாகின்றது, கம்பியில் வீணாகும் வெப்பம் காற்பங்காகின்றது, செம்பு மிச்சமாகின்றது. ஐரோப்பாவில் வழங்கிய 220 வோல்ற்றையும் பிரித்தானியாவில் வழங்கிய 240 வோல்ற்றையும் இணைத்து, 230 வோல்ற்றைப் பொது அளவாக்கும் நியமத்தைச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1983ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆகவே 220 அல்லது 240 வோல்ற்று, 50 ஹேட்ஸ் எனப் பொறிக்கப்பட்ட பழைய மோட்டரை இலங்கை வீடொன்றில் இணைப்பதிற் பொதுவாக இடர் இல்லை. இரண்டிலும் வேறுபாடு நூற்றுக்கு 5 பங்கினும் குறைவே.

அழுத்தம் மிகும்போது

கனடாவிலிருந்து வந்த தையற்பொறி ஒன்றின் மோட்டர் 120 வோல்ற்றுக்கு உரியது எனக் கொள்க. அதனை 230 வோல்ற்றில் நேரே இணைத்தால் யாது நிகழும்? தையற்பொறி, கலக்கும் பொறி, கைத்துளைப்பான் முதலியவற்றில் உள்ளவை பெரும்பாலும் கரித்தூரிகையுடைய பொதுவகை மோட்டர்கள். இவை நேரோட்டத்திலும் ஆடலோட்டத்திலும் இயங்குவன. அழுத்தம் ஏறத்தாழ இரட்டித்தவுடன் இவை அளவுகடந்த வேகங்கொள்ளும். தூரிகைகளிற் பொறி பறக்கும். சுருள் விரைவிற் சூடாகிக் காப்பு உருகும். சுமையின்றி ஓடவிடின் சுழலியே சிதறவுங் கூடும்.

இம்மோட்டருக்குப் பரிகாரம் எளிது. 230 வோல்ற்றை 115 வோல்ற்றாகக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்றை இடையில் வைத்தால் அது செவ்வனே இயங்கும். பொதுவகை மோட்டருக்கு 50, 60 என்ற மீடிறன் வேறுபாடு பெரிதன்று. ஆயின் நிலைமாற்றியின் கொள்திறன் போதியதாதல் வேண்டும். மோட்டர் தொடங்கும்போது பன்மடங்கு ஓட்டம் எடுக்குமாதலின், 100 வாற்று மோட்டருக்கு 100 வாற்று நிலைமாற்றி அமையாது. இருமடங்கு அல்லது மும்மடங்கு கொள்திறன் உடையதே தக்கது.

தூண்டன் மோட்டரில் மிகை அழுத்தத்தின் கேடு வேறு வழியால் வருகின்றது. எதிர்விசை புதிய அழுத்தத்திற்கு ஈடாதல் வேண்டுமாயின் காந்தப்பாயம் பெருகுதல் வேண்டும். இரும்பு ஓர் அளவுக்கு மேற் காந்தப்பாயத்தை ஏற்காது. அந்நிலை நிரம்பல் எனப்படும். நிரம்பிய இரும்பிற் பாயத்தைச் சிறிது கூட்டுதற்கும் பெரும் ஓட்டம் வேண்டியிருக்கும். எனவே சுமை எதுவும் இல்லாதபோதே மோட்டர் உரத்து முரலும். கை வைக்கவொண்ணாதபடி சூடேறும்.

அழுத்தம் குறையும்போது

மிகை அழுத்தம் தீங்கென்பதை யாவரும் எளிதில் ஒப்புவர். குறை அழுத்தமும் மோட்டரை எரிக்கும் என்பதே பலர் அறியாதது. மின்குமிழுக்கு அழுத்தம் குறைந்தால் ஒளி மங்கும்; வேறு கேடில்லை. மோட்டரோ தன் சுமையைச் சுமந்தேயாதல் வேண்டும்.

தூண்டன் மோட்டரின் முறுக்கம் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ற்று 180 ஆக இறங்கினால் அழுத்தம் நூற்றுக்கு 78 பங்காகின்றது. முறுக்கமோ 61 பங்காகிவிடுகின்றது. குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கி போன்ற கடுஞ்சுமையைத் தொடக்கும் ஆற்றல் அப்போது மோட்டருக்கு இல்லாது போகலாம். தொடங்காத மோட்டரில் எதிர்விசை போதாது. முழுத் தொடக்க ஓட்டமும் இடையறாது பாய்ந்து சுருளைக் கருக்கும். எப்படியேனும் சுழன்றாலும், அதே வேலையைச் செய்ய ஏறக்குறைய 1.28 மடங்கு ஓட்டம் எடுக்கும். சுருளின் வெப்பம் 1.6 மடங்காகும். சுருளின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடுந்தோறும் காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கொள்ளும் அண்ணளவான விதி. ஆகவே குறை அழுத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் உடனே தோன்றாது. மெல்ல மெல்ல வந்து ஒருநாள் வெளிப்படும்.

இக்குறை எப்பொழுதும் மின்வழங்கலால் வருவதன்று. வளவினுள்ளே இழுக்கப்பட்ட கம்பியாலும் வரும். வீட்டிலிருந்து 60 மீற்றர் தொலைவிலுள்ள கிணற்றுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பி சென்றால், போக்கும் வரவுமாக 120 மீற்றருக்குத் தடை ஏறக்குறைய 1.45 ஓம் ஆகும். ஒரு பரிவலு மோட்டர் இயங்கும்போது 6 அம்பியர் எடுத்தாற் கம்பியில் 9 வோல்ற்று வரை இழக்கப்படும். தொடங்குங்கால் அதன் ஆறு மடங்கு எடுத்தால் இழப்பு 50 வோல்ற்றையும் எட்டும். வீட்டில் 230 வோல்ற்று இருப்பினும் கிணற்றடியில் அக்கணத்தில் 180 வோல்ற்றே எஞ்சும். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இவ்விழப்புகள் முறையே 5 வோல்ற்றும் 32 வோல்ற்றுமாகக் குறையும். புதிய மோட்டரும் பழையதைப் போலவே எரியுமாயின், குற்றம் மோட்டரிலா கம்பியிலா என்று ஆராய்தல் வேண்டும். மோட்டர் தொடங்கும் வேளையிலும் இயங்கும் வேளையிலும் அதன் முனைகளிலேயே அழுத்தத்தை அளந்து பார்த்தால் உண்மை புலப்படும்.

மீடிறன் என்னும் மறைந்த வேறுபாடு

அமெரிக்க மோட்டர் ஒன்றிலே 240 வோல்ற்று, 60 ஹேட்ஸ் எனப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. இலங்கையின் 230 வோல்ற்று அதற்குச் சற்றுக் குறைவே. ஆதலின் தாராளமாக இணைக்கலாம் என்று தோன்றும். இஃது ஏமாற்றும் தோற்றம். மேலே கூறியவாறு காந்தப்பாயம் அழுத்தத்தை மீடிறனால் வகுக்க வரும் அளவுக்கு ஒத்தது. அம்மோட்டர் 240ஐ 60ஆல் வகுக்க வரும் 4 என்ற அளவுக்குச் செய்யப்பட்டது. இலங்கையில் அது பெறுவதோ 230ஐ 50ஆல் வகுக்க வரும் 4.6. இரும்பு ஏற்கவேண்டிய பாயம் நூற்றுக்கு 15 பங்கு மிகுகின்றது. அழுத்தம் குறைந்தும் மோட்டர் மிகை அழுத்தத்தின் துன்பத்தையே அடைகின்றது. 50 ஹேட்சில் அதற்கு ஏற்ற அழுத்தம் 200 வோல்ற்றே. அவ்வாறே 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ் தூண்டன் மோட்டருக்கு 50 ஹேட்சில் 100 வோல்ற்றே ஏற்றது. 115 வோல்ற்று நிலைமாற்றி அதனை முற்றாகக் காவாது.

மீடிறனால் வேகமும் மாறும். நான்கு முனைவுகளையுடைய தூண்டன் மோட்டரின் சுழல்புலம் 60 ஹேட்சில் நிமிடத்திற்கு 1,800 முறையும், 50 ஹேட்சில் 1,500 முறையும் சுற்றும். சுழலி அதற்குச் சிறிது பிந்தி வரும். வேகம் ஆறில் ஐந்து பங்காகும்போது பம்பி ஏற்றும் நீரின் அளவும் அவ்வாறே குறையும். ஆயின் நீரை உயர்த்தும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின் நூற்றுக்கு 69 பங்காகிவிடும். தொட்டி உயரத்திலிருப்பின் நீர் எட்டாமலும் போகலாம். நிலைமாற்றியோ மீடிறனை மாற்றாது, அழுத்தத்தையே மாற்றும். மீடிறனோடு ஒத்தியங்கும் 60 ஹேட்ஸ் மின்மணிக்கூடு ஒன்றை இங்கு இணைத்தால், எத்துணைச் செம்மையான நிலைமாற்றி இருப்பினும் மணிக்குப் பத்து நிமிடம் பிந்துதலைத் தவிர்க்கவியலாது.

ஓரவத்தையும் மூவவத்தையும்

ஒன்றற்கொன்று பிந்திவரும் ஆடலோட்டங்களாற் சுழலும் காந்தப்புலத்தை ஆக்கலாம் என்பதை இத்தாலியரான பெராரிசும், அமெரிக்காவில் வாழ்ந்த தெசுலாவும் 1888ஆம் ஆண்டு தனித்தனியே வெளியிட்டனர். மறு ஆண்டில் டொலிவோ டொப்ரொவொல்ஸ்கி என்பார் மூவவத்தை மோட்டரை அமைத்தார். தொழிற்சாலை மோட்டர்கள் பெரும்பாலும் அவ்வகையின. இலங்கையில் மூவவத்தை வழங்கலின் அழுத்தம் 400 வோல்ற்று. அதனை 3இன் வர்க்கமூலத்தால் வகுக்க வருவதே வீட்டின் 230 வோல்ற்று.

பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஓரவத்தை மாத்திரமே. தனியோர் அவத்தை சுழலும் புலத்தை ஆக்காது. ஆதலின் வீட்டு மோட்டர்களில் ஒரு துணைச்சுருளும், கடைகளிற் கப்பாசிற்றர் எனப்படும் கொள்ளளவியும் சேர்க்கப்பட்டுள்ளன. 400 வோல்ற்று மோட்டரை வீட்டு மின்னில் நேரே இணைத்தல் பயனற்றது. பெயர்த்தகட்டில் 230/400 எனப் பொறித்த மோட்டராயின், சுருள்களை முக்கோண முறையில் இணைத்து, ஓரவத்தையைப் பெற்று மூவவத்தையாக மாற்றித் தரும் இலத்திரனியற் சாதனத்தால் இயக்கலாம். 400/690 எனப் பொறித்ததற்கு இவ்வழி பொருந்தாது.

கொள்ளளவியை மாற்றும்போதும் கவனம் வேண்டும். அது துணைச்சுருளோடு தொடராக இருத்தலின் அதன் முனைகளில் வழங்கலினும் மிகுந்த அழுத்தம் தோன்றும். ஆகவே 230 வோல்ற்று மோட்டரின் கொள்ளளவியில் 450 வோல்ற்று என எழுதியிருத்தல் பிழையன்று. 250 வோல்ற்றுக் கொள்ளளவியை அதனிடத்து வைத்தலே பிழை. ஆளியை மூடிய பின்னரும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாமாதலின், அதனை இறக்காது தொடலாகாது.

வலுவும் வேகமும்

அழுத்தமும் மீடிறனும் அவத்தையும் ஒத்தபின் வலுவை நோக்குதல் வேண்டும். மோட்டரின் பெயர்த்தகட்டிற் குறித்த வலு பொதுவாக அச்சில் வெளிப்படுவது. ஒரு பரிவலு 746 வாற்றாகும். மோட்டரின் விளைதிறன் நூற்றுக்கு 65 எனின் அது உட்கொள்வது ஏறக்குறைய 1,150 வாற்று. கைத்துளைப்பான் முதலிய சாதனங்களிலோ உட்கொள்ளும் வலுவே பெரும்பாலும் எழுதப்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒப்பிடுதல் தவறு.

வேகம் ஒவ்வாதபோது நிகழ்வது இன்னுங் கொடிது. பம்பி வேண்டும் வலு வேகத்தின் கனத்திற்கு விகிதசமமானது. நிமிடத்திற்கு 1,440 முறை சுற்றிய மோட்டரிருந்த இடத்தில் 2,880 முறை சுற்றும் மோட்டரை வைத்தால் இருமடங்கு நீர் வரும் என எண்ணுவோர், எட்டு மடங்கு வலு வேண்டும் என்பதை மறக்கின்றனர். அவ்வலு இல்லாத மோட்டர் சுமை தாங்காது எரியும்.

செய்யத்தக்கன

ஆகவே மாற்று மோட்டரை வாங்குமுன் பழைய மோட்டரின் பெயர்த்தகட்டை முழுமையாகப் படித்து எழுதிக்கொள்ளல் வேண்டும். அழுத்தம், மீடிறன், அவத்தை, வலு, ஓட்டம், வேகம், கொள்ளளவி ஆகிய ஏழும் குறிக்கப்படல் வேண்டும். தகடு அழிந்திருப்பின் பொறியின் தேவையை அறிந்த தொழில்வல்லாரை நாடுதலே தக்கது. பழைய மோட்டரின் இரும்பும் அச்சும் நல்ல நிலையிலிருப்பின், அதே கம்பித் தடிப்பும் அதே சுற்றுக்களும் கொண்டு அதனை மீளச் சுற்றுவித்தல், ஒவ்வாத மோட்டரை மலிவாய் வாங்குவதினும் மேலானது.

பொருத்தியபின் ஓட்டத்தை அளந்து, தகட்டிற் குறித்த அளவை மீறாமை காணல் வேண்டும். உருகி அடிக்கடி அறுவதாயின் தடித்த கம்பியை இட்டு அதனை மௌனமாக்குதல் பெருந்தவறு. உருகி அறுதல் ஓர் எச்சரிக்கை. கிணற்றடியில் ஈரநிலத்தில் வெறுங்காலோடு நிற்போர்க்கு மோட்டரின் உலோக உடலிற் கசியும் மின் உயிர்க்கேடாகும். எனவே புவித்தொடுப்பும், 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இன்றி எந்த மோட்டரையும் இயக்கலாகாது. இணைப்பு வேலை தகுதி பெற்ற மின்தொழிலாளராற் செய்யப்படல் வேண்டும்.

மோட்டர் தன் ஓட்டத்தைத் தானே ஆளும் பொறி. அதற்கென விதித்த அழுத்தமும் மீடிறனும் சுமையும் ஒத்திருக்குங்காறும் அவ்வாட்சி நிலைபெறும். அவற்றுள் ஒன்று தவறினும் அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். கோடையில் ஒரு நாள் பம்பி நின்றாற் பயிர் வாடும். ஒரு கசிவு நேர்ந்தால் உயிர் போகும். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி மோட்டரின் பக்கத்திற் பதித்துள்ள சிறு தகட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. பள்ளியிற் கற்கும் பௌதிகம் அத்தகட்டைப் படித்தறியத் துணைசெய்யுமாயின், அக்கல்வி வீட்டிற்கும் வயலுக்கும் பயன்பட்டதாகும்.